மீன் முறிக்காத கம்பு

எங்கப்பா கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்துத் தச்சுப் பட்டறையில் ஆசாரி. குழிக்குள் முட்டுக் கொடுக்கும் மரம், பங்களாக்களின் கதவு, ஜன்னல், அவ்வப்போது சவப்பெட்டி என்று அந்தப் பட்டறையில் அறுபடாத சாமானே கிடையாது. சம்பளக் கணக்கில் ஏறாத இன்னொரு வேலையும் அவரைத் தேடி வரும். முறிந்துபோன தூண்டில் கம்புகளைச் சரிசெய்து தருவது. வெள்ளைக்கார அதிகாரிகளும் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்துக்காரர்களும் துணியில் சுற்றி எடுத்து வருவார்கள். கம்போடு ஒரு கதையும் வரும். மீன் அத்தனை பெரிசு, அப்படி இழுத்தது, கம்பு தாங்கவில்லை. அப்பா தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார். அவர்கள் போனதும் முறிந்த முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “கார் கதவு” என்பார். இல்லாவிட்டால் “முள்ளுச்செடி”. இல்லாவிட்டால் “எவனோ மிதிச்சிருக்கான்”. மீன்தான் முறித்தது என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

பின்னாளில் நானும் அதே சுரங்கத்தில் டிம்பர் பிரிவில் சேர்ந்து, 2001 பிப்ரவரி 28ஆம் தேதி மூடுகிற வரைக்கும் இருந்தேன். மரம் எப்படி முறியும், பாறை எப்படி வெடிக்கும் என்பதுதான் எனக்குத் தெரிந்த படிப்பு. அதை வைத்துக்கொண்டு பார்த்தால், துரைமார் கம்பு முறிந்த கதை எங்கள் ஊர்க் கதையில் ஒரு சின்னக் கிளை. யாரும் எழுதி வைக்காத கிளை.

கம்பு என்று இங்கே சொல்வது ஏரிக்கரையில் பையன்கள் தக்கை கட்டி உட்காருகிற மூங்கில் கழியை அல்ல. ஃப்ளை ராடு. கொக்கியில் புழு இருக்காது. இறகும் நூலும் சுற்றிக் கட்டிய போலிப் பூச்சி இருக்கும். அதற்கு எடையே கிடையாது, எறிந்தால் காலடியில் விழும். ஆகவே பூச்சியை எறிவதில்லை, தடித்த கயிற்றை எறிகிறார்கள். கம்பைப் பின்னால் வீசி, கயிறு முதுகுப்பக்கம் நீளும்வரை பொறுத்து, திரும்ப முன்னால் வீச வேண்டும். அந்தக் கயிற்றை வில்லாக வளைந்து தள்ளுவதற்காகத்தான் கம்பு இத்தனை மெல்லிசு. அடியில் விரல் மொத்தம் இருக்கும், நுனியில் ஈர்க்குச்சி. எட்டு ஒன்பது அடி நீளம். வளைவதற்கென்றே செய்த பொருள் வளைவதால் முறிவது அபூர்வம். நசுங்கினால் முறியும், காயம் பட்டால் முறியும், திருகினால் முறியும்.

தங்கவயலுக்கு இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று கேட்டால், தங்கத்தோடு வந்தது. நியூசிலாந்துப் போரிலிருந்து திரும்பி பெங்களூர் கன்டோன்மென்டில் குடியேறிய மைக்கேல் லவெல் என்ற ஐரிஷ்காரர் 1873இல் இங்கே தோண்ட மைசூர் சர்க்காரிடம் உரிமை கேட்டார். 1880இல் லண்டன் ஜான் டெய்லர் கம்பெனி உள்ளே வந்தது. பின்னாலேயே இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிச் சுரங்கக்காரர்கள் வந்தார்கள். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் எங்கள் முன்னோர்கள் வந்தார்கள். வெள்ளைக்காரர்களுக்குக் கிளப்பும் கோல்ஃப் மைதானமும், எங்களுக்கு மூங்கில் தட்டி வீடும். நந்திமலைப் பக்கம் பிறந்து வருகிற பாலாற்றில் பேத்தமங்கலம் ஏரி. தங்கவயலுக்குக் குடிதண்ணீர் அங்கிருந்துதான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பிக்னிக்கும் அங்கேதான். கம்புகளும் அங்கே போகும்.

ஏரி மீனைத் தூண்டிலில் பிடிப்பதற்கென்றே ஆங்கிலத்தில் புத்தகம் இருந்தது. மெட்ராஸ் சிவில் சர்வீஸில் இருந்த எச்.எஸ். தாமஸ் என்பவர் 1873இல் மங்களூரில் ‘தி ராடு இன் இந்தியா’ வெளியிட்டார். லவெல் உரிமை கேட்ட அதே வருஷம். 1887இல் ‘டேங்க் ஆங்லிங் இன் இந்தியா’ என்று ஏரிகளுக்குத் தனியாக ஒன்று எழுதினார். கலெக்டர் உத்தியோகம் பார்த்தவருக்கு இதற்கெல்லாம் எங்கே நேரம் கிடைத்தது என்று எனக்கு ஆச்சரியம்தான்.

இப்போது கம்புக்கு வருகிறேன். அப்பா கைக்கு வந்ததில் பழசு கிரீன்ஹார்ட். தென் அமெரிக்காவில், அன்றைக்கு பிரிட்டிஷ் கயானா என்ற நாட்டில் வளர்கிற மரம். கப்பல்துறைக்குத் தூண் போட உபயோகிக்கிற அளவுக்குக் கனமும் வலுவும் உள்ளது. இங்கிலாந்தின் ஈரக் காற்றில் நன்றாகவே உழைக்கும். கோலார் வெயிலில் உலர்ந்தால் நொறுங்குகிற குணம் வந்துவிடும். முறியும்போது சத்தமாக ஒரு எச்சரிக்கை கொடுக்காது, நார் பிரியாது. குறுக்கே சுத்தமாகப் போய்விடும். உலர்ந்த மரம் சுருங்குவதால் பித்தளை இணைப்புக் குழாயும் கழன்று ஆடும். கழன்றது தெரியாமல் வீசினால், குழாய் முடிகிற இடத்துக்கு ஒரு விரல் மேலே முறியும். விறைப்பும் வளைவும் சந்திக்கிற இடம் அதுதான். குழிக்குள் இரும்புச் சட்டத்தில் மரத்தைச் சொருகினாலும் இதே இடத்தில்தான் விரிசல் விடும்.

அடுத்தது பிளவு மூங்கில். மூங்கிலை ஆறு நீளப் பட்டைகளாகப் பிளந்து, ஒவ்வொன்றையும் முக்கோணமாகச் சீவி, ஆறையும் சேர்த்து ஒட்டினால் அறுகோணக் கம்பு கிடைக்கும். 1840களில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் சாமுவேல் ஃபிலிப் என்ற துப்பாக்கி செய்பவர் மூங்கில் பட்டைகளை ஒட்டிப் பார்த்தார். 1870களில் ஹைரம் லியனார்டு ஆறு பட்டைக் கம்பைப் பெரிய வியாபாரமாக்கினார். இங்கிலாந்தில் ஆனிக் என்ற ஊரில் 1872இல் ஆரம்பித்த ஹார்டி சகோதரர்கள் இதில் உலகப் புகழ் பெற்றார்கள். முதலில் அவர்கள் எல்லாருக்கும் மூங்கில் போனது நம் நாட்டிலிருந்து, கல்கத்தா துறைமுகம் வழியாக. பிறகுதான் சீனத்து மூங்கில் அதைத் தள்ளிவிட்டது. ஆக, இங்கிருந்து கப்பலேறிய மூங்கில் பட்டு நூலும் வார்னிஷும் போட்டுக்கொண்டு திரும்பி வந்து, மூங்கில் தட்டிக் குடிசைகளைத் தாண்டி கிளப்புக்குப் போயிருக்கிறது. விலையைக் கேட்டால் தட்டி வீட்டுக்காரனுக்குப் பல மாதக் கூலி.

இந்தக் கம்பின் பலவீனம் மூங்கிலில் இல்லை, பசையில். பழைய பசை விலங்குத் தோல், எலும்பு காய்ச்சியது. சூட்டுக்கும் ஈரத்துக்கும் இளகிவிடும். அதை நம்பாமல்தான் அங்குலத்துக்கு அங்குலம் பட்டு நூல் சுற்றினார்கள். இந்திய மழைக்காலம் ஒன்றை வராந்தாவில் கழித்தாலோ, வெயிலில் நிறுத்திய காருக்குள் பகல் முழுக்கக் கிடந்தாலோ பட்டைகள் மெல்ல விடும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. வளைத்தால் முறுக் முறுக்கென்று உள்ளே அனத்தும். அப்போதே நிறுத்தியிருந்தால் பிழைத்திருக்கும். மூங்கில் நல்ல பொருள். முறிவதற்கு முன்னால் சொல்லும், முறிந்த பிறகும் நாரில் தொங்கிக்கொண்டிருக்கும். குழிக்குள் நாங்கள் மரமுட்டை விரும்பியதும் அதனால்தான். பாரம் ஏறினால் மரம் பேசும், ஓடித் தப்பிக்கலாம்.

முறிவை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பது அப்பாவுக்கு ஒரு விளையாட்டு. மீனோடு மல்லுக்கட்டி அளவுமீறி வளைத்த கம்பில், வளைவின் வெளிப்பக்கத்து நார் முதலில் பிய்ந்திருக்கும், உள்பக்கம் சுருண்டிருக்கும். அப்படி ஒரு முறிவு வந்தால் காட்டித் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கார் கதவில் மாட்டியது இரண்டு பக்கமும் தட்டையாக நசுங்கியிருக்கும், கதவு ஓரத்தின் பெயின்ட் வார்னிஷில் ஒட்டியிருக்கும். மிதித்தது ஒரு பக்கம் மட்டும் குழிந்து, மறுபக்கம் நீளமாகப் பிளக்கும். இணைப்பு இறுகிப்போய், இரண்டு கையாலும் எதிரெதிராகத் திருகிப் பிரிக்கப் பார்த்தவன் கம்பில் பட்டைகள் கயிறு முறுக்கியது போல் சாய்ந்து கிடக்கும். திருகாமல் நேராக இழுத்தாலே போதும். கை வழுக்கினால் இரண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடித்து இழுக்கலாம். இதைச் சொல்லிக் கொடுத்தும் திருகிக்கொண்டேதான் இருந்தார்கள்.

நுனி அரை அடி போனதென்றால் கம்பை முன்னால் நீட்டிக்கொண்டு நடந்தவன். மரத்திலோ கதவு நிலையிலோ குத்தியிருப்பான். அடியை முன்னே வைத்து, நுனியைப் பின்னால் விட்டு நடக்க வேண்டும் என்று எந்தப் பழைய புத்தகத்திலும் இருக்கும். எல்லாவற்றையும்விட அப்பா ரசித்த முறிவு சீலிங் ஃபேன். காவிரியில் சிவசமுத்திரத்திலிருந்து 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து 1902 ஜூன் மாதம் தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது. அன்றைக்கு ஆசியாவிலேயே இத்தனை தூரம் மின்சாரம் கொண்டுபோன இடம் வேறில்லை. மின்சாரம் முதலில் யந்திரங்களுக்கு, அப்புறம் பங்களா ஃபேன்களுக்கு. ராத்திரி விருந்துக்கு வந்தவரிடம் புதுக் கம்பைக் காட்ட ஹாலிலேயே மாட்டி, எப்படி வீசுவேன் தெரியுமா என்று ஒரு வீச்சு. காவிரி மீனைப் பிடிக்க வாங்கின கம்பைக் காவிரித் தண்ணீரே சீவிவிட்டது என்று அப்பா சிரிப்பார்.

இதில் சிரிக்க முடியாததும் ஒன்று உண்டு. கம்பைத் தூக்கி வந்தது பெரும்பாலும் வேலைக்காரப் பையன். கதவைச் சாத்தியது துரையாகவே இருந்தாலும் கம்பு யார் கையில் முறிந்தது என்று கேள்வி வந்தால் அவன் பெயர்தான் வரும். சம்பளத்தில் பிடித்தம். மீன் முறித்தது என்று சொல்லக்கூடிய துணிச்சல் மீன் பிடித்தவருக்கு மட்டும்தான் உண்டு. அப்படி ஒரு பையனுக்காக அப்பா ஒருமுறை துரையிடமே முறிவைக் காட்டி, இது கார் கதவு என்று சொல்லிவிட்டு வந்தார் என்று அம்மா சொல்வாள். அவருக்கு அது எப்படி முடிந்தது என்பதை அம்மா சொன்னதில்லை.

ஒட்டுகிற விதம் எனக்கு இப்போதும் கைப்பாடம். இணைப்புக் குழாயை ஸ்பிரிட் விளக்கில் லேசாகக் காட்டினால் உள்ளே இருக்கும் அரக்கு இளகும், அதோடு குழாயைக் கழற்றிவிடலாம். அதிகம் காட்டினால் மூங்கில் கருகும். முறிந்த இரண்டு முனையையும் சாய்வாக, நீளமாக, ஒன்றின்மேல் ஒன்று படுக்கும்படி சீவ வேண்டும். சாய்வு நீளமானால்தான் வளைவு பகிர்ந்து போகும். ஒட்டி, நூலால் இறுக்கி ஒரு நாள் காய விட்டு, பிரித்து, மெல்லிய பட்டு நூலால் நெருக்கமாகச் சுற்றி, விரல் நுனியால் வார்னிஷ் தடவி, தூசி படாமல் மூன்று நாள் தொங்கவிட வேண்டும். பட்டு நூலுக்கு அம்மாவின் பழைய ரவிக்கைத் துணியிலிருந்து இழை உருவியதும் உண்டு. சிவப்பு நூலாக இருந்தால் துரைக்குப் பிடிக்குமாம்.

மே மாதம் ஊட்டிக்குப் போய்வந்தவர்களின் கம்புகள்தான் ஜூனில் மொத்தமாக வரும். நீலகிரியில் டிரவுட் மீன் தானாக இருந்ததில்லை. 1863இல் ஃபிரான்சிஸ் டே என்ற டாக்டர் இங்கிலாந்திலிருந்து கொண்டுவரப் பார்த்தார், வழியிலேயே செத்துப்போயின. நாற்பது வருஷத்துக்கு மேல் இப்படியே முயன்று, எச்.சி. வில்சன் என்ற மீன்வளர்ப்பு நிபுணர் காலத்தில், அவலாஞ்சியில் 1907இல் பொரிப்பகம் வைத்த பிறகுதான் ரெயின்போ டிரவுட் நின்றது. மீனை மட்டுமா கொண்டுவந்தார்கள்? ஊர் ஞாபகத்துக்கு மஞ்சள் பூப் பூக்கிற கோர்ஸ் முள்செடியையும் கொண்டுவந்து மலையெங்கும் பரவ விட்டார்கள். பின்வீச்சில் கயிறு முதுகுப்பக்கம் நீளுமல்லவா, பூச்சி போய் அந்த முள்ளில் சிக்கும். வீசுகிறவர் திரும்பிப் பார்க்காமல் முன்னால் வெட்டி இழுப்பார். நுனி போய்விடும். அவர்கள் நட்ட செடி, அவர்கள் வளர்த்த மீன், அவர்கள் கம்பு. இதிலும் மீனுக்குத்தான் பழி.

காவிரியின் மகாசீர் மட்டும் மெய்யாகவே கம்பை முறிக்கக்கூடிய மீன். 1946 மார்ச்சில் மைசூரின் வான் இங்கன் குடும்பத்துக்காரர் ஒருவர் கபினி ஆற்றில் பிடித்தது 120 பவுண்டு. புலித்தோல் பதம்போடுவதில் உலகப் பேர் எடுத்த குடும்பம் அது. இந்த மீனுக்கு ஈர்க்குச்சி ஃப்ளை ராடோடு யாரும் போவதில்லை. தடிக் கம்பு வேண்டும். பிற்காலத்துக் காவிரி முகாம்களில் இரை ராகிக் களி உருண்டை. நாம் தின்கிற களியேதான். அங்கே கம்பு போனதும் பெரும்பாலும் மீனால் அல்ல. பாசி பிடித்த பாறையில் வழுக்கி விழுந்து போனது. தண்ணீருக்கடியில் பாறை இடுக்கில் மாட்டிய கொக்கியைக் கம்பை வளைத்தே பிடுங்கப் பார்த்துப் போனது. மாட்டினால் கம்பைக் கயிற்றுக்கு நேராக நீட்டி, கயிற்றை மட்டும் இழுக்க வேண்டும். கயிறு அறுந்தால் அறுந்துபோகட்டும்.  2018இல்தான் ஆராய்ச்சியாளர்கள் அந்த மகாசீருக்குச் சரியான அறிவியல் பெயரை உறுதிசெய்தார்கள். அதே வருஷம் அழிவின் விளிம்பில் இருக்கிற மீன்கள் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது.

1956இல் சுரங்கங்கள் மைசூர் சர்க்கார் கைக்கு வந்தன. வெள்ளைக்காரர்கள் பெரும்பாலும் போனார்கள். கம்புகளும் போயின, சில பரணில் தங்கின. அந்தச் சமயத்தில் உலகத்திலும் கம்பு மாறிக்கொண்டிருந்தது. 1950இல் சீனத்தோடு வியாபாரத்தை அமெரிக்கா நிறுத்தியதும் மூங்கில் வரத்து நின்றது. அதற்கு முன்பே கண்ணாடி நார்க் கம்புகள் வந்துவிட்டன. கனம்தான், அழகில்லைதான். ஆனாலும் இத்தனை அலட்சியத்தைப் பொறுத்துக்கொண்ட கம்பு வேறில்லை. எனக்கு இன்றைக்கும் அதன்மேல்தான் மரியாதை.

பிறகு கார்பன். 1960களில் பிரிட்டனின் விமான ஆராய்ச்சிக் கூடத்தில் விமானப் பாகங்களுக்காக உருவாக்கிய நார், 1973இல் ஃபென்விக் என்ற அமெரிக்கக் கம்பெனி மூலம் தூண்டில் கம்பானது. பாதி எடை, இரண்டு மடங்கு விறைப்பு. காகிதம் சுருட்டின மாதிரி உள்ளே வெறும் காலி, சுவர் மெல்லிசு. நார் பெரும்பாலும் நீளவாக்கில் ஓடுவதால் வளைவைத் தாங்கும், பக்கவாட்டு நசுக்கலைத் தாங்காது. ஈயக் கண் வைத்த கனமான பூச்சி வீச்சில் தவறி வந்து கம்பில் ஒரு டொக் அடித்தால் கடுகளவு கீறல்கூட வெளியே தெரியாது, உள்ளே நார் அறுந்திருக்கும். அடுத்த வாரமோ அடுத்த மாதமோ கைநீளக் கெண்டை ஒன்றுக்கு வளைக்கும்போது டப்பென்று போகும். பிடித்தவருக்கு அந்த அடி நினைவிருக்காது, கெண்டைதான் நினைவிருக்கும். இன்னொரு வழி, மீனைக் கரைக்கு இழுத்து வரும்போது கம்பைத் தலைக்குப் பின்னால் சாய்ப்பது. அடிக்கம்பு வளைய வேண்டிய பாரம் முழுவதும் ஈர்க்குச்சி நுனிக்குப் போய்விடும்.

பாறையும் இந்த மாதிரிதான் எங்களை ஏமாற்றியது. மூவாயிரம் மீட்டருக்குக் கீழே, தோண்டி எடுத்த வெற்றிடத்தைச் சுற்றிப் பாரம் ஏறிக்கொண்டே போய், யாரும் எதிர்பாராத நேரத்தில் வெடிக்கும். ஆரம்பத்தில் அதை ஏர் பிளாஸ்ட் என்றார்கள், ஏதோ காற்று வந்து அடித்தது போல. காரணம் அன்றைய ஷிப்டில் இருக்காது, பழைய தோண்டலில் இருக்கும். இதையும் ஆராய 1988இல் எங்கள் ஊரில் தேசியப் பாறை இயந்திரவியல் நிறுவனம் வந்தது. சுரங்கம் மூடி இத்தனை வருஷத்துக்குப் பிறகும் கீழே பாறை அசைவதை வீட்டில் இருந்தபடியே நாங்கள் உணர்வது உண்டு.

இன்றைக்குத் தங்கவயல் பையன்கள் பெங்களூரில் சம்பாதிக்கிறார்கள். மாரிகுப்பத்தில் ஏறி, விடிவதற்கு முன்னால் புறப்பட்டு, ராத்திரி திரும்புகிறார்கள். அதில் இரண்டு மூன்று பேருக்குத் தூண்டில் பித்து. அங்கேயே கார்பன் கம்பு வாங்கி வருகிறார்கள். ஒருவருக்கொருவர் மடியில் உட்கார்ந்து வருகிற ரயிலில் இரண்டு துண்டுக் கம்பை நிறுத்தி வைத்தால் என்ன ஆகும்? உறையைப் பிரிப்பதற்கு முன்பே என்னிடம் வருகிறது. பேத்தமங்கலத்தில் மீன் பெரிசு தாத்தா என்று கதையும் வருகிறது. நாலு துண்டாகக் கழற்றுகிற கம்பு வாங்கு, பிளாஸ்டிக் குழாயில் போட்டு எடுத்து வா என்கிறேன். ஏரிக்கு நடந்து போகும்போது மேலே மின்கம்பி இருக்கிறதா பார் என்கிறேன். உலர்ந்த மூங்கிலில் இந்தப் பயம் குறைவு, கார்பனில் மின்சாரம் எளிதாகப் பாயும். வெளிநாட்டில் இப்படி ஆட்கள் செத்திருக்கிறார்கள்.

ஒட்டித் தருவதற்குத்தான் வழியில்லை. சாய்வாகச் சீவி ஒட்ட அது மரமல்ல. குழாய்க்குள் இன்னொரு சின்னக் குழாயைச் சொருகி ஒட்டலாம், வளைகிற குணம் போய்விடும். நுனியில் நாலு விரல் மட்டும் போயிருந்தால் சுத்தமாக அறுத்து, ஓரத்தை உப்புத்தாளில் தேய்த்து, நுனி வளையத்தைச் சூடாக்கிக் கழற்றி, பசையில் திரும்பச் செருகித் தருகிறேன். பாதியில் முறிந்ததென்றால் அந்தத் துண்டையே கம்பெனியில் புதிதாக வாங்கிக்கொள்ளச் சொல்லிவிடுகிறேன்.